பனிக்காலத்தில் மக்கர் செய்யும் கார்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஊட்டி காந்தலில் இருக்கிறேன். பத்து வருடப் பழைய டீசல் கார். டிசம்பர் பிறந்ததிலிருந்து காலையில் ஸ்டார்ட் செய்வது பெரும்பாடு. செல்ஃப் நன்றாகவே சுற்றுகிறது, ஆனால் நாலைந்து தடவை அடித்த பிறகுதான், அதுவும் வெள்ளையாகப் புகை கக்கி, உதறிக்கொண்டே எடுக்கிறது. பட்டறையில் பேட்டரியை மாற்றினார்கள், அப்புறம் செல்ஃப் மோட்டாரையும் மாற்றினார்கள், பலன் இல்லை. மேட்டுப்பாளையத்தில் மாமனார் வீட்டில் ராத்திரி முழுக்க நின்றாலும் ஒரே செல்ஃபில் எடுத்துவிடுகிறது. டீசல் உறைகிறது, கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து ஊற்று என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். ஊற்றலாமா?

பதில்: ஊற்றவே வேண்டாம். இப்போதைய டீசல் கார்களில் உயர் அழுத்த பம்புக்கு உயவு தருவதே அந்த டீசல்தான், மண்ணெண்ணெய் அந்த வழவழப்பைக் குறைத்துவிடும், பம்பு போனால் செலவு எங்கேயோ போய் நிற்கும். டீசல் கெட்டியாகி வண்டி நிற்பது லடாக் மாதிரி இடங்களின் கவலை. அங்கே அதற்கென்றே மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019-ல் கொண்டுவந்தது. தரையில் உறைபனி படியும் காந்தலுக்கும் அந்தக் குளிருக்கும் ரொம்ப தூரம்.

உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது என்றால் பேட்டரி மேலும் செல்ஃப் மோட்டார் மேலும் குற்றமில்லை, இரண்டையும் மாற்றியிருக்கவே வேண்டாம். எனக்கு வருத்தம் அதில்தான்: சத்தத்தைக் காதால் கேட்காமல், மீட்டர் வைத்துப் பார்க்காமல் பொருளை மாற்றுகிறார்கள், பணம் உங்கள் பையிலிருந்து போகிறது.

வெள்ளைப் புகை என்பது எரியாமல் வெளியே வரும் டீசல். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது, காற்றை அழுத்தி அழுத்திச் சூடாக்கி அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது, சமவெளியைவிடக் காற்றழுத்தம் ஏறத்தாழ கால் பங்கு குறைவு, போதாததற்கு ராத்திரி முழுக்கக் குளிர்ந்த இரும்பு இருக்கிற சூட்டையும் உறிஞ்சிக்கொள்கிறது. இந்தக் குறையை ஈடுகட்டத்தான் ஹீட்டர் பிளக், அதாவது ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சினுக்குள் கரண்டில் சூடேறும் சிறு கம்பி, சிலிண்டருக்கு ஒன்று. உங்கள் வண்டியில் சந்தேகம் அதன் மேல்தான். நாலில் இரண்டு செத்திருந்தாலும் மேட்டுப்பாளையத்து வெப்பத்தில் வண்டி சமாளித்துவிடும், காந்தலில் சமாளிக்காது. டீசல் குழாயில் காற்றுக் கசிவு இருந்தால் மாமனார் வீட்டிலும் அடம்பிடித்திருக்குமே.

சோதிப்பது எளிது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஹீட்டர் பிளக்கின் ஒயரைக் கழற்றி, பிளக்கின் முனைக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். ஒரு ஓம் அளவிலோ அதற்குக் கீழேயோ காட்டினால் பிளக் உயிரோடு இருக்கிறது, மீட்டர் அசையவே இல்லை என்றால் அறுந்துவிட்டது. நாலும் நன்றாக இருந்தால் சாவியை ஆன் செய்து அந்த ஒயரில் கரண்ட் வருகிறதா பாருங்கள், வராவிட்டால் ஃபியூஸ் அல்லது ரிலே. டேஷ்போர்டில் சுருள் விளக்கு எரிகிறதே என்று நம்பிவிடாதீர்கள், பல பழைய வண்டிகளில் அது வெறும் நேரக் கணக்கில் எரிந்து அணைவது. பிளக்கை மாற்றும்போது ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்லுங்கள்: எஞ்சினைச் சூடாக்கிய பிறகு, துரு இளக்கும் எண்ணெய் விட்டு, நிதானமாகத் திருகிக் கழற்றணும். முரட்டுத்தனமாகத் திருகி உள்ளே முறிந்தால் சில சமயம் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டையே இறக்க வேண்டிவரும். காற்று வழியில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்கவும் விடாதீர்கள். ஹீட்டர் பிளக் சூட்டில் அது எக்குத்தப்பாக வெடித்துப் பற்றும்.

எல்லாம் சரியாக இருந்தும் புகை தொடர்ந்தால், அப்போதுதான் கம்ப்ரஷனையும் (சிலிண்டரில் காற்று அழுத்தப்படும் அளவு) டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையும் பார்க்கணும்.

கேள்வி: கொடைக்கானல். பெட்ரோல் கார். காலையில் சாவியைத் திருப்பினால் "டக் டக்" என்று சத்தம் மட்டும் வருகிறது, உள்விளக்கு மங்குகிறது. பேட்டரி வாங்கி இரண்டு வருடம்தான். தினமும் பிள்ளையைப் பள்ளியில் விட இரண்டு கிலோமீட்டர் ஓட்டுவதோடு சரி.

பதில்: இது கரண்ட் பஞ்சம். குளிரில் பேட்டரி தரும் சக்தி குறைகிறது, எஞ்சின் ஆயிலும் குளிர்ந்த தேன் மாதிரி கெட்டியாகி இன்னும் அதிக சக்தியைக் கேட்கிறது. ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் செலவாகும் கரண்டை ஆல்டர்னேட்டர் திருப்பி நிரப்ப இரண்டு கிலோமீட்டர் போதவே போதாது.

காலையில் எதையும் ஆன் செய்யும் முன் பேட்டரியில் வோல்ட் பாருங்கள். 12.6 என்றால் முழுசு, 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. முழுசாக சார்ஜ் ஏற்றிய பிறகும் செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்கும் கீழே விழுந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. விழாமல், ஆனாலும் செல்ஃப் எடுக்கவில்லையென்றால் டெர்மினலையும் எர்த் ஒயரையும் பாருங்கள். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால், மைனஸை முதலில் கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து இறுக்குங்கள். எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 14 வோல்ட் வரவேண்டும், வராவிட்டால் ஆல்டர்னேட்டரைப் பார்க்கணும்.

பேட்டரி நல்லதுதான் என்றால் வாரம் ஒருமுறை ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள், இல்லாவிட்டால் ஒரு சார்ஜர் வாங்கி ராத்திரி போட்டுவிடுங்கள். ஆயில் மாற்றும்போது கையேட்டில் சொன்ன கிரேடையே ஊற்றச் சொல்லுங்கள். குளிரில் இளக்கமாக ஓடும் 5டபிள்யூ-30 கேட்கிற எஞ்சினில் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினால் பனிக்காலை ஸ்டார்ட் இன்னும் கஷ்டம்.

கேள்வி: குளிர்காலத்தில் பத்து நிமிடம் ஐட்லிங்கில் ஓடவிட்டுத்தான் கிளம்பணுமா?

பதில்: தேவையில்லை. அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம். பிறகு முதல் சில கிலோமீட்டர் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்காமல் மெதுவாக ஓட்டுங்கள், எஞ்சின் ஓட்டத்தில்தான் சீக்கிரம் சூடாகும். குளிருக்குப் பயந்து ஷெட் கதவை மூடிக்கொண்டு மட்டும் ஒரு நிமிடம்கூட ஓடவிடாதீர்கள், புகையில் இருக்கும், உயிரையே எடுக்கும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனையே கிடையாது.