நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டியான ஆயில் வேண்டுமா?

கேள்வி: திருச்சியில் இருக்கிறேன். 2021 மாடல் பெட்ரோல் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். 38,000 கி.மீ. ஓடிய வண்டி. மேனுவலில் 0டபிள்யூ-20 ஆயில் என்று போட்டிருக்கிறது. மெக்கானிக்கோ, "அது குளிர் தேசத்து ஆயில், தண்ணி மாதிரி இருக்கும். நம்ம வெயிலுக்கு 20டபிள்யூ-50தான் தாங்கும்" என்கிறார். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவர தினமும் நான்கு கிலோமீட்டர்தான் ஓட்டுகிறேன். எதை ஊற்றுவது?

மேனுவலில் உள்ளதையே ஊற்றுங்கள். மெக்கானிக் உங்களை ஏமாற்றப் பார்க்கவில்லை. அவர் தொழில் கற்ற காலத்து எஞ்சின்களுக்குக் கெட்டியான ஆயில்தான் சரி. உங்கள் எஞ்சின் வேறு ரகம்.

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தாலும் சொட்டு விழாது. வெயிலில் வைத்தால் ஓடும். எஞ்சின் ஆயில் அப்படி உறையாவிட்டாலும், குளிர்ந்தால் கெட்டிப்படும், சூடேறினால் இளகும். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் அது எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதைச் சொல்கிறது. எண் குறைந்தால் ஓட்டம் சுலபம். பின்னால் உள்ள எண் 100 டிகிரி செல்சியஸில் அதன் கெட்டித்தன்மை.

குழப்பம் இங்கேதான் வருகிறது. வெளியே திருச்சி வெயில் 40 டிகிரி அடித்தாலும், ஊட்டியில் 10 டிகிரி இருந்தாலும், ஓடிச் சூடேறிய எஞ்சினில் தெர்மோஸ்டாட் என்ற வெப்பக் கட்டுப்பாட்டு வால்வு, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தை 90 டிகிரிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கும். ஆயிலும் ஏறத்தாழ அந்தச் சூட்டில்தான் இருக்கும். அதனால் வெயிலுக்காகப் பின் எண்ணைக் கூட்ட வேண்டியதில்லை.

காலையில் ஸ்டார்ட் செய்யும் அந்தச் சில நொடிகளைப் பாருங்கள். இரவில் ஆயில் எல்லாம் கீழே சம்ப் எனும் ஆயில் தொட்டிக்கு இறங்கியிருக்கும். பம்ப் அதை உறிஞ்சி மேலே வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் தண்டு வரை ஏற்ற வேண்டும். நமக்குப் புழுக்கமான 28 டிகிரிகூட எஞ்சினுக்குக் குளிர்தான். ஆயில் கெட்டியாக இருந்தால் மேலே போய்ச் சேரத் தாமதமாகும். அதுவரை உலோகத்தோடு உலோகம் உரசும். தவிர, இன்றைய எஞ்சின்களில் வால்வு டைமிங்கை மாற்றும் அமைப்பு, டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் இரண்டும் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்பவை. அவற்றின் துளைகள் மிகச் சிறியவை. 20டபிள்யூ-50 ஊற்றினால் மைலேஜ் குறையும், செக் எஞ்சின் விளக்குகூட எரியலாம். மேனுவலில் 5டபிள்யூ-30யும் அனுமதித்திருந்தால் அதை ஊற்றலாம். அதற்கு மேல் போக வேண்டாம்.

கேனின் பின்பக்கத்தில் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) தர எழுத்துகளைப் பாருங்கள். எஸ்ஸில் தொடங்கினால் பெட்ரோலுக்கு, சியில் தொடங்கினால் டீசலுக்கு. 2020-இல் வந்த எஸ்பி தரமோ அதற்குப் பிந்தியதோ இருந்தால் போதும். டைமிங் செயின் தேய்மானத்துக்கு எதிரான பாதுகாப்பும் அதில் சேர்த்தி. சிந்தெடிக்கா (செயற்கை ஆயிலா) என்று தனியாக யோசிக்க வேண்டாம், 0டபிள்யூ-20 பெரும்பாலும் சிந்தெடிக்தான். (பிஎஸ்6 டீசல் வண்டி என்றால் கதை வேறு. புகை வடிகட்டி அடைபடாமலிருக்கச் சாம்பல் குறைந்த ஆயில்தான் வேண்டும்.)

ஆயில் கிரேடைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் நான்கு கிலோமீட்டர். ஆயில் நன்றாகச் சூடேறும் முன்பே எஞ்சினை அணைத்துவிடுகிறீர்கள். உள்ளே சேரும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடியில் பாருங்கள். மோர்க் குழம்பு நிறத்தில் பசை படிந்திருந்தால் இதுதான் காரணமாக இருக்கும், ஆனால் கூலன்ட்டும் குறைந்தால் உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். 10,000 கி.மீ. ஆகட்டும் என்று காத்திருக்காமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். வாரம் ஒருநாள் தஞ்சாவூர் சாலையில் அரை மணி நேரம் ஓட்டி வாருங்கள்.

பழைய வண்டி என்பதால் உள்ளே என்ன ஆயில் இருக்கிறது என்று தெரியாது. முதல் மாற்றத்தை இப்போதே, ஃபில்டரோடு செய்யுங்கள். சில்லறையாக ஊற்றித் தரும் டிரம் ஆயில் வேண்டாம். சீல் உடையாத கேனை பில்லோடு வாங்கி, உங்கள் கண்ணெதிரே திறக்கச் சொல்லுங்கள். காலி கேனைக் கையோடு வாங்கி ஆணியால் ஓட்டை போட்டுவிடுங்கள்; போலி ஆயில் அடைப்பவர்களுக்கு அது உதவாது. மறுநாள் காலை ஸ்டார்ட் செய்வதற்கு முன், சமதளத்தில் நிறுத்திய வண்டியில் ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக் கம்பியைத் துடைத்து மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். ஆயில் அதிலுள்ள இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டவும் கூடாது, தாண்டினால் சுழலும் கிராங்க் தண்டு அடித்து ஆயில் நுரைத்துவிடும்.