பதிவு ஆணையும் கச்சான் காற்றும்: முதலாண்டு ஆய்வு மாணவிக்கு ஒரு பதில்

பாம்பனுக்கு அருகில் உள்ள கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கடல் உயிரியலில் முதுகலை முடித்து, இந்த ஆண்டு முழுநேர முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்திருக்கிறார். ஆய்வுப் பொருள் கடற்பாசி. அவருடைய அம்மா பாசி எடுக்கப் போகிறவர். வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர் இவர் ஒருவர்தான். அறிமுக நாளன்று மூன்று மணி நேரம் விளக்கியும் கோர்ஸ் வொர்க், டாக்டரல் கமிட்டி, சினாப்சிஸ் என்ற சொற்கள் மட்டுமே மனத்தில் நின்றன என்கிறார். இரண்டு கட்டுரை வெளியிடாவிட்டால் பட்டம் கிடையாது என்று மூத்த மாணவர்கள் சொல்கிறார்களாம். உதவித்தொகை இல்லை, வீட்டில் திருமணப் பேச்சு நடக்கிறது, நெறியாளரிடம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது, முதலில் எதைச் செய்வது என்பது அவருடைய கேள்வி.

முதலில் உங்கள் பதிவு ஆணையை எடுத்து, நீங்கள் எந்த ஆண்டின் ஒழுங்குமுறையின்கீழ் பதிவு செய்யப்பட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். அந்த ஒழுங்குமுறையின் முழுப் பிரதியைப் பல்கலைக்கழக ஆராய்ச்சிப் பிரிவில் கேட்டு வாங்கி, ஒரு முறையாவது கடைசிப் பக்கம் வரை படியுங்கள். மூத்த மாணவர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் அவர்கள் தங்கள் காலத்து விதியைச் சொல்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிகள், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஆய்விதழில் ஒரு கட்டுரையும் கருத்தரங்குகளில் இரண்டு வாசிப்புகளும் வேண்டும் என்றன. 2022 நவம்பரில் வந்த புதிய விதிகளில் அந்தக் கட்டாயம் இல்லை. பல்கலைக்கழகம் தன் அளவில் கட்டுரையைக் கேட்கலாம் என்பதால், உங்கள் பல்கலைக்கழகத்தின் சொந்த ஒழுங்குமுறையில் அந்தப் பிரிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கவலைப்படுங்கள். எப்படியும் கட்டுரை எழுதுவது உங்களுக்கு நல்லது. பணம் கட்டினால் பத்து நாளில் வெளியிடுகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வரும் இதழ்களுக்கு மட்டும் அதைக் கொடுத்துவிடாதீர்கள். தரமான இதழ்கள் இவை என்று சொல்லிவந்த தன் கேர் பட்டியலை மானியக் குழு 2025இல் கைவிட்டுவிட்டபடியால், எந்த இதழ் தரமானது என்பதை நீங்களும் நெறியாளரும் துறையும் பார்த்து முடிவு செய்ய வேண்டிய காலம் இது.

2022 விதிகளின்படி ஆய்வின் கால அளவு, தொடக்கத்தில் படித்துத் தேற வேண்டிய பாடத்தாள்களான கோர்ஸ் வொர்க்கையும் சேர்த்துக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவின் வழியே மேலும் 2 ஆண்டு பெறலாம். பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடு உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேல் இன்னும் 2 ஆண்டு தளர்வு உண்டு. கோர்ஸ் வொர்க் குறைந்தது 12 கிரெடிட். ஆராய்ச்சி, வெளியீட்டு நெறிமுறை பற்றிய தாள் அதில் கட்டாயம். 55 விழுக்காடு மதிப்பெண் எடுத்தால்தான் ஆய்வைத் தொடர முடியும். விதிகளில் ஆய்வு ஆலோசனைக் குழு என்று இருப்பதைத்தான் நம் பல்கலைக்கழகங்கள் டாக்டரல் கமிட்டி என்று வழங்குகின்றன. ஒவ்வொரு கல்விப் பருவத்திலும் (செமஸ்டர்) அதன் முன் நின்று ஆய்வின் நிலையைச் சொல்ல வேண்டும். நிறைவில்லை என்றால் காரணத்தையும் திருத்தத்தையும் குழு எழுத்தில் தர வேண்டும். அந்தத் திருத்தத்தையும் செய்யாதவரின் பதிவை நீக்கப் பரிந்துரைக்கலாம். ஆகவே ஒவ்வொரு கூட்டத்தின் குறிப்பிலும் ஒரு பிரதி உங்கள் கோப்பில் இருக்கட்டும்.

அறிமுக நாளில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நான் நினைப்பது வேறொன்று. பல்கலைக்கழகத்தின் நாள்காட்டியும் கடலின் நாள்காட்டியும் ஒன்றையொன்று அறியாதவை. தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் எப்போது கிளம்பும், வடகிழக்கிலிருந்து வரும் வாடை எப்போது இறங்கும் என்று பாம்பன் பக்கத்தாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. கச்சான் வீசும் மாதங்களில் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்க, வடகடலான பாக் விரிகுடா அடங்கிக் கிடக்கும். வாடை வந்ததும் நிலை தலைகீழாகும். ஜூலையில் பதிவு செய்த ஒருவர் டிசம்பர் வரை கோர்ஸ் வொர்க்கில் இருந்து, ஜனவரியில் குழுவின் முன் நின்று, அதற்குப் பிறகு வனத்துறை அனுமதிக்கு விண்ணப்பித்தால், அனுமதி கைக்கு வரும்போது தென்கடலில் கச்சான் ஏறியிருக்கும். மாதந்தோறும் மாதிரி எடுக்கும் ஆய்வில் ஒரு பருவம் தவறினால், அடுத்த ஆண்டு அதே பருவம் வரும்வரை காத்திருக்க வேண்டும். என்னிடம் வந்த மாணவர்களில் தாமதமானவர்கள் பெரும்பாலும் அறிவியலில் தடுக்கி விழுந்தவர்கள் அல்லர். இந்த இரண்டு நாள்காட்டிகளுக்கும் இடையில் விழுந்தவர்கள்.

ஆகையால் கோர்ஸ் வொர்க் நடக்கும் மாதங்களிலேயே அனுமதிக்கான வேலையைத் தொடங்கிவிடுங்கள். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளை உள்ளடக்கிய மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. அதற்குள் ஆய்வு செய்ய, 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி முதன்மை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும்; விண்ணப்பம் நெறியாளர், துறைத்தலைவர் வழியாகப் போக வேண்டும். அம்மா காலங்காலமாகப் போய்வரும் இடம் என்பது ஆய்வு மாதிரிக்கு அனுமதி ஆகிவிடாது. பாசி அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு அட்டவணைகளில் உள்ள உயிர் அல்ல; ஆனால் பவளமும் கடல் அட்டையும் முதல் அட்டவணையில் இருப்பவை. பாசியோடு ஒட்டி ஒரு பவளத் துண்டு வந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான் என்பதால், எதை, எவ்வளவு, எந்த இடத்தில் எடுப்பீர்கள் என்பதை விண்ணப்பத்தில் துல்லியமாக எழுதுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை விசைப்படகுகளுக்கு உரியது. நீங்கள் நாட்டுப்படகில் போவதாக இருந்தால் அதையும் ஆய்வுத் திட்டத்தில் எழுதிவிடுங்கள்; இல்லையென்றால் கடற்கரையை அறியாத குழு உறுப்பினர்கள் அந்த இரண்டு மாதமும் கடலே மூடிக் கிடக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள். நீர் வற்றும்போது நடந்தே எட்டக்கூடிய கரைப்பகுதி ஒன்றையும் மாற்று இடமாகச் சேர்த்துவையுங்கள்.

ஆதரவு எங்கே கிடைக்கும் என்றும் கேட்டிருந்தீர்கள். உங்களுக்கு மிக அருகில் இருப்பது உங்கள் அம்மாதான். மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்ற பாசி வகைகள் எந்தப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) எந்த மாதம் செழிக்கும் என்று அவருக்குத் தெரியும். அதை வீட்டுப் பேச்சாக விட்டுவிடாமல், பெயர், இடம், நாள் இட்டுக் குறிப்பேட்டில் எழுதுங்கள். அவரையும் உடன் போகும் பெண்களையும் முறையாகப் பேட்டி கண்டு தரவாக்குவதானால், அவர்களுடைய இசைவையும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் முதலில் பெறுங்கள். அடுத்து மண்டபம் இருக்கிறது. 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் முன்பு மண்டபம் முகாமில்தான் இருந்தது. அது பின்னர் கொச்சிக்குப் போய்விட்டாலும் மண்டல மையம் அங்கேயே இருக்கிறது. அந்த நிறுவனத்தின் பழைய கட்டுரைகளை அதன் இணையக் களஞ்சியத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் பாசி ஆராய்ச்சி நிலையமும் மண்டபத்தில் உள்ளது. இவற்றிலிருந்து ஒருவர் இணை நெறியாளராகவோ குழு உறுப்பினராகவோ வர முடியுமா என்று உங்கள் நெறியாளரிடம் கேட்பது முறையான கேள்விதான். ஆய்வேடுகளைப் பார்க்க ஷோத்கங்கா தளம் உண்டு; உங்கள் தலைப்பை ஒட்டிய மூன்று ஆய்வேடுகளை இப்போதே படித்துவிட்டால், சினாப்சிஸ், அதாவது ஆய்வின் சுருக்கம், என்ன என்ற பயம் தானாகக் குறையும். ஆனால் அவற்றிலிருந்து வரிகளை எடுக்க வேண்டாம். மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டின் விதிகளின்படி பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் நடவடிக்கை தொடங்குகிறது.

பணத்துக்கு, தேசியத் தகுதித் தேர்வான நெட்டை மறுபடி எழுதுங்கள். இளநிலை ஆய்வு நல்கை 2023 ஜனவரி முதல் மாதம் ரூ.37,000, வயது வரம்பில் பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு இருக்கிறது. பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் இனத்தவருக்கான தேசிய நல்கைகளும் நெட் மதிப்பெண்ணை வைத்தே தேர்வு செய்கின்றன. சேர்ந்தாகிவிட்டது, இனித் தேர்வு எதற்கு என்று பலர் விட்டுவிடுவது எனக்கு எப்போதும் வருத்தம் தருவது. புதுமைப்பெண் திட்டத்தை நம்பியிருக்க வேண்டாம், அது இளநிலைப் பட்டம் வரையில்தான்.

திருமணப் பேச்சைக் கண்டு அஞ்ச வேண்டாம். திருமணத்தால் வேறு ஊருக்குப் போக நேரும் பெண் ஆய்வாளர், தன் ஆய்வுத் தரவை அங்குள்ள நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள 2022 விதிகள் இடம் தருகின்றன. மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்காக ஆய்வுக் காலத்தில் ஒரு முறை 240 நாள் வரை விடுப்பும் உண்டு. இந்த இரண்டு பிரிவுகளையும் அச்செடுத்து வீட்டாரிடமும், வரன் பேச வருபவர்களிடமும் காட்டலாம். நான் இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை.

எல்லை மீறும் நடத்தை யாரிடமிருந்து வந்தாலும் உள்ளகப் புகார்க் குழுவுக்கு மூன்று மாதத்துக்குள் எழுதலாம். மற்ற குறைகளுக்கு மாணவர் குறைதீர்ப்புக் குழுவும், அதற்கு மேல் குறைதீர்ப்பாளரும் 2023 விதிகளின்படி இருந்தாக வேண்டும். மனம் சோர்ந்தால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

நெறியாளரிடம் தயக்கம் என்றீர்கள். நேரில் கேட்க வராவிட்டால் ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். என் கோர்ஸ் வொர்க் தாள்கள் எவை, கமிட்டியின் முதல் கூட்டம் எப்போது, வனத்துறை விண்ணப்பத்தை இந்த மாதமே தயாரிக்கலாமா, படகு வாடகை எந்தக் கணக்கிலிருந்து வரும் என்ற நான்கு கேள்விகள் போதும். பக்கத்தின் கீழே, மாதிரி எடுக்க வேண்டிய மாதங்களைத் தென்கடல், வடகடல் என்று பிரித்து ஒரு கட்டம் போட்டுக் காட்டுங்கள். அந்தக் கட்டத்தை நிரப்ப அவரைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும்.