தகுதிபெறாத அணிக்கு முன்பணமா?

கனடாவின் ஸ்காபரோவிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "எங்கள் என்.எச்.எல். பனி ஹொக்கி அணி, பிளேஓஃப் என்ற வெளியேற்றுச் சுற்றுகளுக்குள் நுழையக் கிடைக்கும் கடைசி இடமான வைல்ட் கார்டுக்கு 4 புள்ளிகள் பின்னால் நிற்கிறது, மீதமிருப்பவை 15 ஆட்டங்கள். வீரர் பரிமாற்றத்துக்கான கெடு நாளன்று பெயர்பெற்ற தாக்குதல் வீரர் ஒருவரை வாங்கியிருக்கிறார்கள். இனிப் பிளேஓஃப் உறுதி என்கிறான் என் 12 வயது மகன். இணையச் சந்தையில் அறிமுகமான ஒருவர், முதல் சுற்றின் 'சொந்த அரங்க ஆட்டம் 3' என்பதற்கான இரண்டு சீட்டுகளை 900 டொலருக்குத் தருவதாகச் சொல்கிறார். அணி தகுதிபெற்றுவிட்டால் விலை இரட்டிப்பாகுமாம். ஆகவே முழுப் பணத்தையும் இன்றே இ-ட்ரான்ஸ்ஃபரில் அனுப்பும்படி கேட்கிறார். அனுப்பலாமா? புதிய வீரரின் பெயர் பொறித்த ஜேர்சியும் (அணிச் சட்டை) வேண்டும் என்று மகன் நிற்கிறான்."

அனுப்ப வேண்டாம். அணியின் பெயரையும் உங்கள் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அதை நான் இங்கே தவிர்த்துவிட்டேன், ஏனென்றால் பெயரைச் சொன்னால் இந்தப் பக்கத்தின் பாதி வாசகர்கள் உங்கள் கேள்வியை விட்டுவிட்டு என்னோடு சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். வெற்றிக்கு 2 புள்ளி, மேலதிக நேரத்திலோ பெனால்டி ஷொட்டிலோ தோற்றால் 1 புள்ளி, வழக்கமான 60 நிமிடத்துக்குள் தோற்றால் ஒன்றுமில்லை. உங்களுக்கு முன்னால் நிற்கும் அணி, பருவம் முழுவதற்கும் 90 புள்ளி எடுக்கும் சாதாரண வேகத்தில் ஓடினால்கூட இந்த 15 ஆட்டங்களில் 16 அல்லது 17 புள்ளிகளைச் சேர்த்துவிடும். அதைத் தாண்ட உங்கள் அணிக்கு ஏறத்தாழ 21 புள்ளி தேவை. அதாவது 10 வெற்றி, மேலதிக நேரத்தில் ஒரு தோல்வி, மற்ற நாலு ஆட்டத்திலும் தோற்கலாம். கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே வேகத்தில் பருவத்தின் 82 ஆட்டங்களையும் ஆடினால் 115 புள்ளி வரும். 2024-25 பருவத்தில் லீக் முழுவதிலும் முதலிடம் பெற்ற வின்னிபெக் ஜெட்ஸ் எடுத்ததே 116தான். இதுவரை நடுத்தரமாக ஆடிய ஓர் அணி, கடைசி ஐந்து வாரத்துக்கு மட்டும் லீக்கின் தலைசிறந்த அணியாக மாற வேண்டும் என்பதே உங்கள் மகனின் நம்பிக்கையின் உள்ளடக்கம்.

இதில் எனக்கு ஆண்டுதோறும் எரிச்சலூட்டும் விஷயம் ஒன்று உண்டு. உங்களுக்கு முன்னால் நிற்கும் இரண்டு அணிகள் ஒன்றோடொன்று மோதும் இரவில், எவராவது ஒருவர் வெறுங்கையோடு போவார் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். ஆட்டமோ 60 நிமிடத்தில் சமநிலையில் முடிந்து, வென்றவருக்கு இரண்டும் தோற்றவருக்கு ஒன்றுமாக மூன்று புள்ளிகள் பகிரப்படும், நீங்கள் இரண்டு பேரிடமும் பின்தங்கிப்போவீர்கள். சில ஆட்டங்களுக்கு இரண்டு புள்ளி, சில ஆட்டங்களுக்கு மூன்று புள்ளி என்று கணக்கு வைத்துக்கொண்டு, அதைப் பரபரப்பான போட்டி என்று விளம்பரப்படுத்தும் லீக்கைப் பற்றி நான் என்ன சொல்வது?

"சென்ற் லூயிஸ் செய்யவில்லையா?" என்று உங்கள் மகன் கேட்பான். செய்தார்கள். 2024-25இல் அந்த அணி தொடர்ந்து 12 ஆட்டங்களை வென்று கடைசி வைல்ட் கார்ட் இடத்தைப் பிடித்தது. ஆனால் அந்தப் பன்னிரண்டுக்குப் பிறகும் அவர்களும் கல்கரியும் 96 புள்ளிகளில் சமமாகவே முடித்தார்கள். வழக்கமான நேரத்துக்குள் பெற்ற வெற்றிகள் கூடுதலாக இருந்ததால் சென்ற் லூயிஸ் உள்ளே போனது, கல்கரி 96 புள்ளியோடு வீட்டுக்குப் போனது. அந்த எழுச்சியைக் கெடு நாளில் வாங்கிய பெரிய பெயர் எதுவும் கொண்டுவரவில்லை என்பதையும் கவனியுங்கள். பாதுகாப்பு வீரர் கெம் ஃபௌலரை அவர்கள் டிசம்பரிலேயே வாங்கியிருந்தார்கள். கெடு நாளன்று விற்றுவிடுவார்கள் என்று எல்லோரும் பேசிய அணித்தலைவர் பிரேடன் ஷென்னை விற்காமல் வைத்துக்கொண்டார்கள்.

கெடு நாள் பரிமாற்றங்கள் பற்றி நம்மிடையே ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. பெரிய பெயர்களைப் பெரும்பாலும் ஏற்கெனவே உள்ளே இருக்கும் அணிகளே வாங்குகின்றன. 2025 மார்ச் 7 அன்று பொஸ்ரன் அணித்தலைவர் பிராட் மார்ஷான்ட் புளோரிடாவுக்குப் போனார். காயத்தோடு போனவர், மாத இறுதியில்தான் பனியில் இறங்கினார். அப்போதைய சாம்பியனான புளோரிடா, அவரை லீக் ஆட்டங்களில் புள்ளி சேர்க்க வாங்கவில்லை. அந்தப் பரிமாற்றத்தின் விலையைத்தான் நீங்கள் உற்றுப்பார்க்க வேண்டும். பொஸ்ரனுக்குக் கிடைத்தது எதிர்கால இளம் வீரர் தெரிவில் இரண்டாம் சுற்று வாய்ப்பு ஒன்று. புளோரிடா இரண்டு பிளேஓஃப் சுற்றுகளை வென்று, அந்த ஆட்டங்களில் பாதியிலாவது மார்ஷான்ட் ஆடியிருந்தால் மட்டுமே அது முதல் சுற்று வாய்ப்பாக உயரும் என்பது நிபந்தனை. புளோரிடா லீக்கின் சாம்பியன் கிண்ணமான ஸ்ரான்லி கிண்ணத்தையே வென்றது, விலையும் உயர்ந்தது. கோடிக்கணக்கான டொலர் சம்பளம் நிர்வகிக்கும் பொது மேலாளர்கள், ஒரு வாரத்துக்கு முன் காயப்பட்ட வீரருக்கும் நடக்காத பிளேஓஃபுக்கும் முழு விலையை முன்கூட்டியே கொடுப்பதில்லை. நடந்தால் இவ்வளவு, நடக்காவிட்டால் இவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். உங்களிடம் மட்டும் ஒருவர் 900 டொலரை நிபந்தனையே இல்லாமல் இன்றே கேட்கிறார்.

சம்பள உச்சவரம்பு, சம்பளத்தில் பாதி வரை பழைய அணியே சுமப்பது, நீண்டகாலக் காயப் பட்டியல் ஆகியவற்றை இங்கே விளக்கப் போவதில்லை. அவை உங்கள் 900 டொலரைத் தொடுவதில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: கெடு, கிழக்கு நேரம் பிற்பகல் 3 மணி. அதற்குப் பின்பு பரிமாறப்படும் வீரர் அந்தப் பருவத்தில் புதிய அணிக்கு ஆட முடியாது. ஆகவே மார்ச் நடுவில் "இன்னொரு நட்சத்திரம் வருகிறார், சீட்டு விலை ஏறப்போகிறது" என்று எவராவது எழுதினால், அவருக்கு விதி தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று அவருக்குத் தெரியும். பிரபல ஹொக்கிச் செய்தியாளர்களின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, அதே படத்தைப் போட்டு நடத்தப்படும் போலிக் கணக்குகளில் ஒவ்வொரு ஆண்டும் பெரியவர்களே விழுகிறார்கள்.

இனி அந்த விற்பனையாளரிடம் வருகிறேன். "சொந்த அரங்க ஆட்டம் 3" என்றால் தொடரின் மூன்றாவது ஆட்டம் என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். அப்படியல்ல. வைல்ட் கார்டில் நுழையும் அணி முதல் இரண்டு ஆட்டங்களையும் எதிரணியின் அரங்கில் ஆடும். அதன் சொந்த அரங்கில் நடப்பவை தொடரின் 3ஆம், 4ஆம் ஆட்டங்கள், தேவைப்பட்டால் 6ஆம் ஆட்டம். ஆகவே உங்களுக்கு விற்கப்படுவது ஆறாவது ஆட்டம். அணி தகுதிபெற வேண்டும், நாலு ஆட்டங்களை முதலில் வெல்பவருக்கே போகும் தொடர் 4-0 என்றோ 4-1 என்றோ முடியாமல் இருக்கவும் வேண்டும். இரண்டும் நடந்தால்தான் அப்படி ஓர் ஆட்டமே இருக்கும். அணியிடமிருந்து நேரடியாக வாங்கிய சீட்டானால் ஆடப்படாத ஆட்டத்துக்கான பணம் திரும்பும். இடைத்தரகரிடம் வாங்கினால், திரும்பும் அந்தப் பணம் அவருடைய கணக்குக்குத்தான் போகும்.

அந்தச் சீட்டு அவரிடம் இருக்கிறதா என்பதே சந்தேகம். பலர் இல்லாத சீட்டை விற்றுவிட்டு, அணி தகுதிபெற்ற பின்பு மலிவாகக் கிடைத்தால் வாங்கிக் கொடுப்பார்கள், விலை ஏறிவிட்டால் தொலைபேசி எண்ணை மாற்றிவிடுவார்கள். ஒன்ராறியோவின் 2017ஆம் ஆண்டு நுழைவுச்சீட்டு விற்பனைச் சட்டம் கையில் இல்லாத சீட்டை விற்பனைக்கு வைப்பதைத் தடை செய்கிறது. அதே சட்டத்தில், மறுவிற்பனை விலை அசல் விலையைவிட 50 வீதத்துக்கு மேல் போகக்கூடாது என்ற விதியும் இருந்தது. 2018இல் ஆட்சி மாறியதும் அது நடைமுறைக்கு வருமுன்பே நிறுத்திவைக்கப்பட்டு, பிறகு நீக்கப்பட்டது. மிஞ்சிய தடையை 900 டொலர் இழந்த ஒரு தந்தைக்காக எவர் வந்து நிறைவேற்றுவார் என்று என்னைக் கேட்காதீர்கள். காவல்துறை நுகர்வோர் பிரிவைக் காட்டும், நுகர்வோர் பிரிவு ஒரு படிவத்தைக் காட்டும்.

எனக்கும் ஒருமுறை நடந்தது. ஒரு கோப்பிக் கடையின் வாகனத் தரிப்பிடத்தில், மிக மரியாதையாகப் பேசிய ஓர் இளைஞரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு, அவர் அனுப்பிய சீட்டோடு அரங்க வாசலுக்குப் போனேன். வாசலில் நின்ற பெண் என் தொலைபேசியை ஒரு விநாடி பார்த்தார், ஸ்கானரை நீட்டவே இல்லை. "இது அசையவில்லையே" என்றார். உண்மையான கைபேசிச் சீட்டில் பட்டைக்குறியின்மேல் ஒரு கோடு ஓடிக்கொண்டே இருக்கும், குறியும் மாறிக்கொண்டே இருக்கும். என்னிடம் இருந்தது அதைப் படம்பிடித்த வெறும் ஸ்கிரீன்ஷொட். அன்றிலிருந்து, என் சொந்தக் கணக்குக்கு மாற்றப்பட்டுக் கோடு ஓடுவதைக் கண்ணால் காணும்வரை ஒரு சதம்கூட நான் கொடுப்பதில்லை. கடனட்டையில் கொடுத்தால் வங்கியிடம் முறையிட ஒரு வழியாவது இருக்கும். இ-ட்ரான்ஸ்ஃபரைப் பெறுபவர் தன் கணக்கில் போட்டுவிட்டால் அதைத் திரும்பப் பெற முடியாது. அவர் அதைக் கேட்பதற்கும் அதுதான் காரணம்.

தகுதிபெறுமுன் பணம் கொடுப்பதில் ஒரு விலக்கு உண்டு: பருவச் சீட்டு வைத்திருக்கும் உறவினர். உங்கள் மச்சானிடம் பருவச் சீட்டு இருந்தால், பிளேஓஃப் ஆட்டங்களுக்கான தொகையை அணி அவரிடம் முன்கூட்டியே கேட்பது வழக்கம். அதில் ஓர் ஆட்டத்தை அவர் உங்களுக்கு அசல் விலைக்கே தருவதாகச் சொன்னால் வாங்கலாம். ஆனால் அந்த இருக்கை முழுவதும் மச்சானுடையதா என்று முதலில் கேளுங்கள். பருவச் சீட்டைப் பலர் கூட்டாக வாங்கி ஆட்டங்களைப் பங்கிட்டுக்கொள்வார்கள். மச்சானுக்கு நாலில் ஒரு பங்குதான் உரியதென்றால், ஆறாவது ஆட்டம் அவருடைய பங்கில் வருகிறதா என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். அடுத்து, அணி தகுதிபெறாவிட்டால் பணம் அவருக்குக் கையில் திரும்புமா, அடுத்த பருவக் கட்டணத்தில் கழிக்கப்படுமா என்று கேளுங்கள். கழிக்கப்படுமென்றால், உங்கள் பணம் அவருடைய அடுத்த ஆண்டுச் சீட்டுக்குள் போய்விடும், அவரோ ஒக்டோபரில் பார்ப்போம் என்பார். ஆகவே பகுதி, வரிசை, எத்தனையாவது சொந்த அரங்க ஆட்டம், அசல் விலை, ஆட்டம் நடக்காவிட்டால் எந்தத் தேதிக்குள் பணம் திரும்பும் என்ற ஐந்தையும் குறுஞ்செய்தியில் எழுதி, அவரிடமிருந்து "சரி" என்று ஒரு பதில் வாங்கிக்கொள்ளுங்கள். மச்சானிடம் எப்படி எழுத்தில் கேட்பது என்று கூச்சப்படாதீர்கள். கலியாண வீட்டில் நேருக்கு நேர் சந்திக்க முடியாமல் போன இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும். காரணம் நாலு ஹொக்கிச் சீட்டு.

ஜேர்சி விஷயம் சுருக்கமானது. புதிய வீரரின் ஒப்பந்தம் இந்தக் கோடையில் முடிகிறதா என்று பாருங்கள். முடிகிறதென்றால் ஜூலை 1 அன்று அவர் விரும்பிய அணிக்குப் போகலாம். மிக்கோ ரான்ரனென் 2025 ஜனவரி 24 அன்று கொலராடோவிலிருந்து கரோலினாவுக்கு வந்து, 13 ஆட்டங்கள் மட்டும் ஆடி, மார்ச் 7 அன்று டலஸுக்குப் போய்விட்டார். கரோலினாவில் அவர் பெயர் பொறித்த ஜேர்சியை வாங்கிய சிறுவர்கள் அதைப் போட்டது ஆறு வாரம். பெயரில்லாத அணி ஜேர்சியை வாங்கிக்கொடுங்கள், அல்லது மகனின் பெயரையே பொறித்துக்கொடுங்கள்.

லீக்கின் புள்ளிப் பட்டியலைத் தினமும் காலையில் பாருங்கள். தகுதி உறுதியான அணியின் பெயருக்குப் பக்கத்தில் எக்ஸ் என்ற ஆங்கில எழுத்து விழும். அது விழுந்த பிறகு அணியின் சொந்த விற்பனைத் தளத்தில் மட்டும் வாங்குங்கள். முதல் தெரிவு 3ஆம் அல்லது 4ஆம் ஆட்டமாக இருக்கட்டும், அவை இரண்டும் நிச்சயமாக நடக்கும். அதுவரை மகனைக் காக்கவைக்க வேண்டியதில்லை. மிஞ்சியிருக்கும் 15 ஆட்டங்களில், உங்களுக்கு முன்னால் நிற்கும் அணி ஒன்று உங்கள் அரங்குக்கு வரும் நாள் இருந்தால் அதற்கு இரண்டு சீட்டு எடுங்கள். அன்று வழக்கமான நேரத்துக்குள் வென்றால் இடைவெளியில் இரண்டு புள்ளி ஒரே இரவில் குறையும்.