புதுக் காரில் சிடி பிளேயர் இல்லை. பல வருடம் சேர்த்த பாடல்களை எப்படிக் கேட்பது?

பென்டிரைவ் போட்டால் பாதிப் பாட்டு ஓடவில்லை, ஓடுவதும் வரிசை மாறி ஓடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் என்னைப் போலப் பதினைந்து இருபது வருடமாகக் கணினியில் சேர்த்து வைத்தவராகத்தான் இருக்க வேண்டும். இந்தச் சிரமத்தை நானும் பட்டவன் என்பதால் எழுதுகிறேன்.

"மாதக் கட்டணம் கட்டி ஒரு ஆப்பில் கேட்டால் தீர்ந்தது, இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெடல்?" என்று சிலர் கீழே எழுதுவார்கள். எனக்கு அதில் விரோதம் ஒன்றும் கிடையாது, என் மகள் அப்படித்தான் கேட்கிறாள். ஆனால் நான் இருப்பது கோத்தகிரியில். மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில் காட்டுக்குள் நுழைந்தால் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். முன்கூட்டியே டவுன்லோடு செய்து கொள்ளலாமே என்றால், என்னிடம் இருப்பது எந்த ஆப்பிலும் கிடையாது.

அப்பா சிறு தேயிலை விவசாயி. சாயங்காலம் இலையை எடை போட்டு வண்டியில் ஏற்றிவிட்டு வந்ததும் ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ இன் ஒன் பெட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவார். இலங்கை வானொலியில் பிடித்த பாட்டு வந்தால் இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கிப் பதிவு செய்வார். பாட்டு முடிந்ததும் ரேடியோவை அணைத்துவிட்டு, பெட்டியின் ஓரத்தில் மிளகு அளவு இருக்கும் மைக் ஓட்டைக்குப் பக்கத்தில் குனிந்து இரண்டு வார்த்தை சொல்வார். "ஞாயித்துக்கிழமை. மழை விடலை. இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டு." அவ்வளவுதான். பின்னால் தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தம் இருக்கும், சில இடத்தில் அம்மா பாத்திரம் வைக்கிற சத்தம் இருக்கும்.

அப்படி 140 கேசட். அவர் போன பிறகு 2009ல் அதையெல்லாம் கணினியில் ஏற்ற ஆரம்பித்தேன். ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்கு ஒரு ஒயர், ஆடாசிட்டி மென்பொருள். 60 நிமிடக் கேசட்டுக்கு 60 நிமிடமும் உட்கார்ந்தே ஆக வேண்டும், அவசரப்பட வழியில்லை. எங்கள் ஊர் ஈரத்துக்குச் சிலவற்றில் பூஞ்சை பிடித்திருந்தது. முழுதாக முடிக்க ஒன்றரை வருடம் ஆனது. அப்போது நான் செய்த ஒரு தப்பு, சத்தம் இல்லாத இடங்களில் வெட்டி ஒவ்வொரு பாட்டையும் தனித்தனிக் கோப்பாக்கியது. அப்பா பேசிய துண்டுகளும் ஐந்து நொடி, பத்து நொடிக் கோப்புகளாகப் பிரிந்துவிட்டன. கணினியில் எண் வரிசைப்படி கேட்டதால் அது தப்பு என்றே தெரியவில்லை.

போன வருடம் கார் மாற்றினோம். மாதம் ஒருமுறை அம்மாவைக் கண் பரிசோதனைக்குக் கோவை கூட்டிப் போக வேண்டும். 64 ஜிபி பென்டிரைவில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அரவேனு தாண்டியதும் ஒரு பாட்டு முடிந்து அப்பா குரல் வந்தது. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். உடனே இன்னொரு துண்டு, அதற்கு மேல் இன்னொன்று, பாட்டே இல்லாமல் அப்பா பேசிக்கொண்டே போகிறார். பிறகு ஏதோ ஒரு பாட்டு, அதற்குச் சம்பந்தமே இல்லாத பேச்சு. அம்மா ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "கண்ணு, இந்தப் பாட்டுக்கு அவர் இப்படிச் சொல்லலையே" என்றார். வண்டியை ஓரம் கட்டி அணைத்துவிட்டேன்.

காரணத்தை ஷோரூமில் கேட்டேன், ஃபார்மட் பண்ணுங்க சார் என்பதற்கு மேல் பதில் வரவில்லை. நானே தேடித் தெரிந்துகொண்டது இது. பல கார் ஸ்டீரியோக்கள் பெயர் வரிசையைப் பார்ப்பதில்லை. பென்டிரைவில் எது முதலில் எழுதப்பட்டதோ அதை முதலில் பாடும். மொத்தமாக இழுத்துப் போட்டால் கணினி தன் இஷ்டத்துக்கு எழுதிவிடலாம். அதனால் கோப்புகளுக்கு 001, 002 என்று முன்னால் எண் கொடுத்து, காலியான பென்டிரைவில் ஒவ்வொரு ஃபோல்டராக வரிசைப்படி ஏற்றுங்கள். ஏற்றிய பிறகு வரிசையைச் சரிசெய்ய ஃபேட்சார்ட் என்று ஒரு இலவசக் கருவியும் இருக்கிறது.

ஓடாத பாட்டுக்கு வருவோம். பென்டிரைவ் ஃபேட்32 என்ற முறையில் (கோப்புகளை அதில் அடுக்கி வைக்கும் முறை) ஃபார்மட் ஆகியிருக்க வேண்டும். 64 ஜிபியும் அதற்கு மேலும் கடையில் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற வேறு முறையில் வரும், நிறையக் கார்களுக்கு அது புரியாது. 32 ஜிபி வாங்கிவிட்டால் பெரும்பாலும் அந்தத் தொல்லை இல்லை. அடுத்தது கோப்பு வகை. அந்தக் காலத்தில் விண்டோஸ் மீடியா பிளேயர் சிடியிலிருந்து எடுக்கும் பாட்டை டபிள்யூஎம்ஏ வகையில் வைத்துவிடும், அதைப் பாடாத கார்கள் உண்டு. எம்பி3 அநேகமாக எல்லாக் காரிலும் பாடும். தரம் குறையும் என்று சண்டைக்கு வராதீர்கள். மூலக் கோப்பை வீட்டில் ஹார்டு டிஸ்கில் பத்திரமாக வைத்துக்கொண்டு, காருக்கு மட்டும் எம்பி3 நகல் எடுக்கச் சொல்கிறேன். 60 நிமிடக் கேசட் சுருக்காத வேவ் கோப்பாக 600 எம்பிக்கு மேல் இருக்கும், 192 கேபிபிஎஸ் தரத்து எம்பி3யில் 86 எம்பிதான். 140 கேசட்டும் சுமார் 12 ஜிபியில் அடங்கிவிட்டது.

தமிழில் பெயர் வைத்திருந்தால் திரையில் கட்டம் கட்டமாக வரலாம், அல்லது கொம்பு தனியே கால் தனியே நிற்கும். தமிழ்நாட்டில் இத்தனை லட்சம் கொடுத்து வாங்குகிற வண்டிக்குத் தமிழ் எழுத்துத் தெரியவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. வேறு வழியில்லாமல் ஆங்கில எழுத்தில் பெயர் வைத்தேன்.

சத்தம் கூட்ட, பாட்டு மாற்ற எல்லாமே தொடுதிரைதான் என்றால் மலைப்பாதைக்கு அது ஆகவே ஆகாது. ஸ்டீரியோவில் கையால் திருகும் குமிழ் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் ஸ்டியரிங் பட்டனை மட்டும் தொடுங்கள். இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். கீழேயிருந்து வருகிற பலர் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு, பிரேக்கையே மிதித்துக்கொண்டு வருகிறார்கள். பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும். பலா பழுக்கும் காலத்தில், மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில் இருக்கும் குஞ்சப்பனை வளைவுகளில் யானை நிற்கும், அங்கே ஹாரன் அடித்துக்கொண்டு முந்துகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

சரி, என் கதைக்கு வருகிறேன். துண்டுகளையெல்லாம் மறுபடி ஒட்டினேன். ஒரு கேசட்டுக்கு இரண்டே கோப்பு, ஏ பக்கம், பி பக்கம். இப்போது எதுவும் இடம் மாற வழியில்லை. ஒரு பக்கம் 30 நிமிடம், அது முடியும்போது குஞ்சப்பனை பக்கம் வந்திருப்போம். அடுத்த கோப்பு தானாக ஆரம்பிக்கும். ஆனாலும் அம்மா ஒவ்வொரு முறையும் "திருப்பிப் போடு கண்ணு" என்பார்.

உங்கள் காரில் இரண்டு யுஎஸ்பி துளை இருந்தால் ஒன்று சார்ஜுக்கு மட்டும் இருக்கலாம், மற்றதில் போட்டுப் பாருங்கள். பென்டிரைவே ஒத்துவரவில்லை என்றால் பாடல்களைப் போனில் ஏற்றி, விஎல்சி என்ற பாட்டு ஓட்டும் ஆப்பை, போனைக் காரின் திரையோடு இணைக்கும் ஆண்ட்ராய்டு ஆட்டோ வழியாக ஓட்டலாம், அதற்கு நெட் தேவையில்லை. அப்படியும் வரவில்லை என்றால் காரின் மாடலையும் கோப்பு வகையையும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.