ஒரு பக்க பிரேக் டிஸ்க் மட்டும் தேய்ந்தால், டிஸ்க்கை மாற்றுவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

கேட்டிருப்பது இதுதான்: ஏழு வருடக் குடும்ப வண்டி. முன் இடது டிஸ்க்கின் உள்முகம் மட்டும் வரிவரியாகக் கீறி மெலிந்துவிட்டது, வலது பக்கம் நன்றாக இருக்கிறது. இரண்டு பக்கமும் டிஸ்க்கையும் அதை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பேடுகளையும் ஜோடியாக மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். அது மட்டும் போதுமா?

போதாது. நானும் போதும் என்று நினைத்து மாற்றியவன்தான். புது டிஸ்க் 11,000 கிலோமீட்டரில் அதே கோலத்துக்கு வந்து நின்றது.

மாமனாரின் ஏழு சீட் டீசல் வண்டி அது. வால்பாறையிலிருந்து ஆழியாறு நோக்கி 40 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி முடித்தபோது, பின் சீட்டிலிருந்து மாமியார், "மாப்பிள்ளை, ஏதோ கருகுற வாசம் வருதுங்க" என்றார். இறங்கிப் பார்த்தால் முன் இடது வீல் கிட்டே கை கொண்டுபோக முடியாத சூடு. மறுநாள் கோவையில் மெக்கானிக் அண்ணன், "மலை இறங்குனா அப்படித்தானுங்க" என்று சொல்லிவிட்டார். எனக்கு அது ஒப்பவில்லை. அதே 40 வளைவைத்தான் வலது வீலும் இறங்கியது. அது சூடு அதிகமில்லாமல் இருந்தது. மலைதான் காரணம் என்றால் இரண்டும் ஒன்றுபோல் சுட்டிருக்க வேண்டாமா?

வீட்டிலேயே வீலைக் கழற்றினேன். (ஸ்டெப்னி மாற்றும் ஜாக்கியை மட்டும் நம்பி இதைச் செய்யாதீர்கள். பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வண்டியை ஸ்டாண்டில் உட்கார வையுங்கள்.) டிஸ்க்கின் வெளிமுகம் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. உள்முகத்தைத் தகரத் தடுப்பு மறைத்திருந்ததால் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, போனை உள்ளே நீட்டிப் படம் எடுத்துப் பார்த்தேன். நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளங்கள். வெளிப் பேடில் இன்னும் 6 மில்லிமீட்டர் மிச்சம் இருந்தது. உள் பேட் தேய்ந்து தீர்ந்து, அதன் இரும்புத் தகடே டிஸ்க்கை உழுதுகொண்டிருந்தது.

இதற்குக் காரணம் புரிய, பேடுகளைத் தாங்கி டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர் வேலை செய்யும் விதம் தெரிய வேண்டும். பெரும்பாலான குடும்பக் கார்களில் முன் காலிப்பருக்கு ஒரே பக்கம்தான் பிஸ்டன், அதுவும் உள்பக்கம். பிஸ்டன் உள் பேடைத் தள்ளும். அந்த எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் இரண்டு பின்களின் மேல் வழுக்கி உள்ளே நகர்ந்து, வெளிப் பேடை இழுத்து டிஸ்க்கோடு சேர்க்கும். அந்த வழுக்கல் நின்றுபோனால் வெளிப் பேட் பெயருக்குத்தான் இருக்கும். மொத்த வேலையும் உள் பேட் தலையில் விழும்.

என் வண்டியில் மேல் பின் விரலால் இழுத்ததும் வந்தது. கீழ்ப் பின்னைக் குறடு போட்டு முறுக்கித்தான் எடுக்க முடிந்தது. அதன் நுனியில் ஒரு சின்ன ரப்பர் புஷ் உண்டு. அது ஊறி உப்பி, துளையை அடைத்துக்கொண்டிருந்தது. முன்பு பேட் மாற்றிய யாரோ நல்ல மனதோடு சாதாரண கறுப்பு கிரீஸைத் தடவியிருக்கிறார்கள். பெட்ரோலிய கிரீஸ் பிரேக் ரப்பருக்கு ஆகாது, ஊற வைத்துவிடும். இந்த இடத்துக்கென்று இருக்கும் சிலிக்கான் அல்லது சிந்தெடிக் பிரேக் கிரீஸ்தான் போட வேண்டும். பின்னும் ரப்பர் உறையும் சேர்ந்த செட் எனக்கு 400 ரூபாய்ச் சொச்சம் ஆனது. அதைக் கவனிக்காமல் நான் டிஸ்க்குக்குத் தண்டம் அழுத தொகையைச் சொன்னால் மாமனாருக்கும் தெரிந்துவிடும்.

உங்களுக்கும் உள்முகம் மட்டும் தேய்ந்திருப்பதால் முதல் சந்தேகம் பின் மேல்தான் வைப்பேன். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள், பிஸ்டனையும் பாருங்கள். அதைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. சுற்றியிருக்கும் ரப்பர் சீல் முறுக்கிக்கொண்டு, பெடலை விட்டதும் மீள்வதால்தான் அது திரும்புகிறது. துரு பிடித்த பிஸ்டன் திரும்பாமல் உள் பேடை உரசிக்கொண்டே இருக்கும். சி கிளாம்ப் வைத்து மெதுவாக அழுத்தினால் சீராக உள்ளே போக வேண்டும். அழுத்தும்போது பிரேக் ஆயில் டப்பா நிரம்பி வழியலாம், கொஞ்சம் முன்பே எடுத்துவிடுங்கள். அந்த ஆயில் பட்டால் பெயின்ட்டைத் தின்னும்.

ஒருவேளை இரண்டு பேடும் சரிசமமாகத் தேய்ந்து, அந்த ஒரு வீல் மட்டும் இறுகியிருந்தால் கதை வேறு. பெடலை மிதித்துவிட்டு, வீல் இறுகிய நிலையிலேயே காலிப்பரில் உள்ள ப்ளீடர் நிப்பிளை (ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் சின்னத் திருகு) சற்றுத் திறக்கச் சொல்லுங்கள். ஆயில் பீய்ச்சி வீல் உடனே சுற்றினால், உள்ளே அழுத்தம் அடைபட்டிருக்கிறது என்று பொருள். ஒரு வீலில் மட்டும் என்றால் அநேகமாக அந்த வீலுக்கு ஆயில் வரும் ரப்பர் ஹோஸ் உட்புறம் வீங்கியிருக்கும். ஆயிலைப் போகவிடும், திரும்பவிடாது. திறந்தும் சுற்றவில்லை என்றால் பிஸ்டனோ பின்னோதான். இந்தச் சோதனைக்குப் பிறகு கட்டாயம் ஏர் எடுக்க வேண்டும், அதாவது ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும்.

டிஸ்க்கின் கனத்தை அளக்கும்போது பலரும் ஏமாறுவார்கள். தேயாத விளிம்பில் ஒரு வரப்பு நிற்கும், வெர்னியர் அதன் மேல் உட்கார்ந்து கூடுதலாகக் காட்டும். டிஸ்க்கின் இரு முகத்திலும் வரப்புக்கு உள்ளே ஆளுக்கொரு ரூபாய் நாணயம் வைத்து அளந்து, நாணயங்களின் கனத்தைக் கழித்துவிடுங்கள். குறைந்தபட்ச கனம் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். என்னுடையது 22 மில்லிமீட்டர் டிஸ்க், 20 வரை ஓடலாம். நின்றதோ 18.7. லேத்தில் டர்னிங் போட்டு, அதாவது முகத்தைச் சீவிச் சமப்படுத்திச் சமாளிக்கலாமா என்று மாமனார் கேட்டார். நானே லேத் வைத்திருப்பவன், மாட்டேன் என்றுவிட்டேன். மெலிந்ததை மேலும் மெலியவைத்தால் மலை இறக்கத்துச் சூட்டை அது எங்கே தாங்கும்?

ஆகவே இரண்டு பக்கமும் டிஸ்க், பேட் ஜோடியாக மாற்றச் சொன்ன உங்கள் மெக்கானிக் சொல்வது சரி. பழைய பேடுகளை எது உள், எது வெளி என்று எழுதிக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு பின்களையும் உங்கள் கண் முன்னால் கழற்றச் சொல்லுங்கள். மறுபடி கோக்கும்போது மேல் பின்னையும் கீழ்ப் பின்னையும் மாற்றிப் போட்டுவிடக் கூடாது.

போன மாதம் மறுபடி கழற்றி அளந்தேன். புதிதாக மாட்டி 14,000 கிலோமீட்டர், நடுவில் வால்பாறை இரண்டு முறை. உள் பேட் 8.2, வெளிப் பேட் 8.4.