நிறுவனத்தின் பெயர் ஏன் வரவில்லை

ஒரு மருந்து நிறுவனம் அமெரிக்க செனட்டர் ஒருவருக்கு நன்கொடை தந்ததாகச் செய்தி வந்தாலும், தேர்தல் நன்கொடைகளை வெளியிடும் கூட்டாட்சித் தேர்தல் ஆணையத் தளத்தில் அந்த நிறுவனத்தின் பெயர் அவருக்குக் கொடையாளராக வராது. கூட்டாட்சி வேட்பாளர்களுக்கு நிறுவனங்கள் நேரடியாகப் பணம் தருவதை 1907ஆம் ஆண்டுச் சட்டமே தடைசெய்துவிட்டது.

செய்தியிலுள்ள தொகை, பெரும்பாலும் நிறுவனத்தின் ஊழியர்கள் தனித்தனியாகவும் அதன் அரசியல் நடவடிக்கைக் குழு (ஊழியர்கள் முதலியோரிடம் திரட்டிய பணத்தை வேட்பாளர்களுக்குத் தரும் தனி அமைப்பு) தன் பெயரிலும் தந்தவற்றின் கூட்டலாக இருக்கும்.

1. ஆணையத் தளத்தின் தனிநபர் நன்கொடைப் பக்கத்தில், பணி வழங்குநர் என்ற கட்டத்தில் நிறுவனப் பெயரை இட்டுத் தேடுங்கள். சுருக்கப் பெயரையும் விட்டுவிடாதீர்கள்.

2. பதிவுபெற்ற லாபியிஸ்டுகள் (நிறுவனங்களுக்காக அரசியல்வாதிகளிடம் ஆதரவு தேடுபவர்கள்) ஆண்டுக்கு இருமுறை நாடாளுமன்றத்தில் அளிக்கும் நன்கொடை அறிக்கைகளையும் ஒப்பிடுங்கள். எனக்கு அதுவே முக்கியமான சான்று.

ஆனால், ஆய்வக ஊழியர் ஒருவர் சொந்த விருப்பத்தில் தந்த 250 டாலரை நிறுவனத்தின் கணக்கில் எழுதுவது அநியாயம். கொடையாளர் பெயரை வெளியிட வேண்டாத சில இலாப நோக்கற்ற அமைப்புகளின் வழியே செலவான பணமோ, இந்தத் தேடலில் சிக்கவே சிக்காது.