குதிரை எதிரே வந்தால்? மலைச் சைக்கிள் கேள்வி-பதில்

கேள்வி: சாலையில் மட்டும் சைக்கிள் ஓட்டிப் பழகியவள் நான். அலுவலகத் தோழிகள் கலிஃபோர்னியாவின் சைனா கேம்ப் ஸ்டேட் பார்க்குக்குக் கூப்பிடுகிறார்கள். மண்பாதை இறக்கத்தை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. போகலாமா?
– வாசகி, சான் ஹோசே

பதில்: தாராளமாகப் போங்கள். முதல் தடவைக்கு நானே பரிந்துரைக்கும் இடம் அது. சான் ரஃபேலை அடுத்து, சான் பாப்லோ விரிகுடாவை ஒட்டி இருக்கிறது. அங்கே ஷோர்லைன் டிரெயில் என்ற மண்பாதையில் தொடங்குங்கள். ஓக் மரங்களுக்கு ஊடே வளைந்து வளைந்து போகும். ஏற்றம் உண்டு, ஆனால் ஆளை அடித்துப் போடாது. பக்கத்து மவுண்ட் டமல்பயஸ் ஸ்டேட் பார்க்கில் சைக்கிளுக்குப் பெரும்பாலும் ஃபயர் ரோடுகள்தான், அதாவது தீயணைப்பு வண்டிகள் போகும் அகலமான மண்சாலைகள். சைனா கேம்பில் ஒற்றையடிப் பாதையிலேயே ஓட்ட விடுகிறார்கள். மலைச் சைக்கிள் பிறந்த மரின் கவுண்டியிலேயே இது எளிதில் கிடைக்காத சலுகை.

இனி இறக்கம். சீட்டை நன்றாகத் தாழ்த்திவிட்டு, இறக்கம் முழுக்க எழுந்து நில்லுங்கள். இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். ஒரு பெடல் கீழே தொங்கினால் கல்லில் தட்டும். முட்டியும் முழங்கையும் மடிந்திருக்க வேண்டும், குதிகால் கொஞ்சம் கீழே இறங்கியிருக்க வேண்டும். பிரேக்கில் ஆள்காட்டி விரல் ஒன்று போதும், மற்ற விரல்கள் ஹேண்டில்பாரைப் பிடிக்கட்டும். சாலைக்காரர்கள் பலர் முன் பிரேக்குக்குப் பயந்து பின் பிரேக்கை மட்டும் அழுத்துவார்கள். பின் சக்கரம் வழுக்கும், வேகம் குறையாது, பாதையும் பாழாகும். இரண்டையும் மெல்ல, சேர்த்து அழுத்துங்கள். வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். பார்வை முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது, அடுத்து போகவேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். 1970-களில் இதே மரின் மலைகளில் பழைய சைக்கிள்களோடு இறங்கியவர்களுக்கு இருந்தது பெடலைப் பின்னால் மிதித்துப் பிடிக்கும் பிரேக்தான். சூடேறி, உள்ளே இருந்த கிரீஸ் புகைந்துபோகும். உங்களுக்கு இருப்பது டிஸ்க் பிரேக். அதை நம்பலாம்.

டயரில் சாலைக்கு அடிப்பது போலக் காற்றை இறுக்கி அடிக்காதீர்கள். 2.3 அங்குல டயருக்குக் காற்றழுத்தத்தை 25 பிஎஸ்ஐ-யை ஒட்டி வைத்து, உங்கள் எடைக்கேற்பக் கூட்டிக் குறையுங்கள். மூன்று மூன்று இலையாக ஓரத்தில் நிற்கும், தோலில் அரிப்பை உண்டாக்கும் பாய்சன் ஓக் செடியில் உரசிவிட்டால், முடிந்தவரை சீக்கிரம் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

கேள்வி: ஒரே பாதையில் நடப்பவர்கள், குதிரைகள், சைக்கிள்கள். யார் யாருக்கு வழிவிட வேண்டும்?
– வாசகர், ஃப்ரீமான்ட்

பதில்: நடப்பவர், குதிரை என எல்லோருக்கும் சைக்கிள்காரர்தான் வழிவிட வேண்டும். சைக்கிளும் சைக்கிளும் எதிர்ப்பட்டால் இறங்குபவர் நின்று ஏறுபவருக்கு விடவேண்டும். ஏற்றத்தில் நின்றுவிட்டால் மறுபடி மிதித்துக் கிளம்புவது பெரும்பாடு.

குதிரை விஷயத்தில்தான் நம்மவர்கள் பலருக்குப் பழக்கமில்லை. குதிரை மிரளும் பிராணி. ஹெல்மெட்டும் கண்ணாடியுமாகச் சத்தமில்லாமல் உருண்டு வரும் உருவத்தை அது மனிதன் என்றே எடுத்துக்கொள்ளாது. தூரத்தில் பார்த்தவுடனேயே நின்று, சைக்கிளை விட்டு இறங்குங்கள். சரிவில் இடம் இருந்தால் பள்ளப் பக்கமாக ஒதுங்குங்கள். மேட்டில் நிற்பவன் பாயப் போகிறான் என்று குதிரைக்குத் தோன்றும். பிறகு வாயைத் திறந்து பேசுங்கள். ‘ஹலோ, நான் இங்கேயே நிற்கட்டுமா?’ என்று சாதாரணக் குரலில் கேட்டால் போதும். குரல் கேட்டதும் விறைத்திருந்த காதுகள் தளர்ந்து திரும்புவதை நான் கிட்டத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பின்னாலிருந்து நெருங்கும்போது இன்னும் கவனம் வேண்டும். தூரத்திலேயே குரல் கொடுத்து, சவாரி செய்பவர் சொன்ன பிறகே கடக்க வேண்டும்.

டமல்பயஸில் வேக வரம்பு மணிக்கு 15 மைல். எதிரில் வருவது தெரியாத வளைவிலும், ஆட்களைக் கடக்கும்போதும் 5 மைல்தான். ஆளே இல்லாத காலை நேரத்திலும் இதைக் கடைப்பிடியுங்கள். வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை குனிந்து கல் பொறுக்கிக்கொண்டிருக்கலாம்.

கேள்வி: மழை விட்டு மறுநாள் வெயில் அடித்தால் ஓட்டலாமா?
– வாசகர், சேக்ரமென்டோ

பதில்: மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். ஈர மண்ணில் டயர் போட்ட கோடு, அடுத்த மழைக்கு வாய்க்காலாகி மண்ணை அரித்துக்கொண்டு போகும். தன்னார்வலர்கள் மண்வெட்டியோடு வந்து சரிசெய்ய வேண்டிய வேலை அது. சக்கரம் தடம் பதிக்கிறதா என்று முதல் சில அடிகளிலேயே திரும்பிப் பாருங்கள். பதிந்தால் வண்டியைத் திருப்புங்கள். நடுவே ஒரே ஒரு குட்டைதான் என்றால் அதற்குள்ளேயே போங்கள். சுற்றிப் போனால் ஒற்றையடிப் பாதை வருஷா வருஷம் அகலமாகிக்கொண்டே போகும். சில பூங்காக்கள் மழைக்குப் பின் டிரெயிலை மூடியே வைத்திருக்கும், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். சைனா கேம்ப் வரை வந்தபின் பாதை ஈரம் என்று தெரிந்தால், பூங்காவுக்குள்ளேயே விரிகுடாவை ஒட்டிப் போகும் நார்த் சான் பெட்ரோ தார்ச்சாலையில் ஓட்டுங்கள்.